வயிறும் வருணமும்

(நெற்குப்பையில் செய்த சொற்பொழிவு)



இன்று இங்கு நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் வயிற்றைப் பற்றியதாகும். ஆத்மாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் நம் நாட்டில் தெருவுக்கு நால்வர் இருக்கிறார்கள். வயிற்றைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை. ஆத்மாவைக் கண்டவர் ஒருவருமில்லை. வயிறோ மூன்று வேளையும் தன்னைத் தானே காட்டிக் கொள்ளுகிறது. ஆகவே கண்ணுக்குத் தெரிந்த வஸ்துவைப் பற்றிப் பேசுவதே யோக்கியமென்று நமக்குத் தோன்றிற்று.

ஒரு மனிதன் என்ன தின்னுகிறான் என்பதைக் கொண்டே அவன் பிறப்பின் உயர்வு தாழ்வைச் சொல்லிவிடலாம் என்கிற எண்ணம் நம் மக்களுக்குள் ஊறிப் போயிருக்கிறது. சாத்வீக ஆகாரம், ராஜச ஆகாரம், தாமச ஆகாரமென்று மூன்றாகப் பிரித்து, இன்னது தின்கிறவனுக்கு இன்ன புத்தி, இன்ன புத்திக்காரனுக்கு இன்ன ஜாதி யென்று கணக்குச் சொல்லுகிறார்கள். காய்கறி மட்டும் உண்பவன் சுத்தன், கருவாடு உண்பவன் அசுத்தன் என்பதைக் கேட்டுக் கேட்டு, கருவாடு உண்பவனே அதை ஒப்புக்கொண்டு, விசேஷ நாட்களில் "இன்றைக்கு நாங்கள் சுத்தம்" என்று சொல்லிக் கொள்ளுகிறான். வருஷத்தில் மற்ற நாட்களெல்லாம் தான் அசுத்தனென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவனாகிறான் என்பது அவனுக்குத் தோன்றுவதில்லை.

காய்கறி உண்பவர்களைப் பரிகசிக்க நாம் இங்கு வரவில்லை. பிற உயிரிடத்து இரக்கப்பட்டு மாமிசத்தை விட்டவர்களிடம் நமக்கு மரியாதையுண்டு. அது அவரவர் மனத்தின் காரியம். நாம் கேட்பது வேறு. ஆகாரத்துக்கும் பிறவிக்கும் உண்மையில் என்ன சம்பந்தம்? பிராணிகளின் உடம்பை, ஆகாரம் எப்படி மாற்றியிருக்கிறது? இதைச் சர்வகலாசாலைகளில் இருப்பவர்கள் சென்ற நாற்பது வருஷங்களாகச் சோதித்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அதை நெற்குப்பைக்காரர்களும் தெரிந்து கொள்ள வேண்டாமா? உலக நாடுகளைச் சுற்றிப் பார்த்துத் தமிழில் எழுதி வைத்த சோமலெ பிறந்த ஊர் இது. இங்குள்ளவர்களுக்கு வெளியுலகச் சேதி புதிதல்ல.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவு படுத்திக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பிராணியின் உடம்பிலும், அதன் உயிரணுக்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும், டி.என்.ஏ. என்றொரு ஏடு இருக்கிறது. அந்த ஏட்டில் உள்ள எழுத்துக்கள் நாலே நாலு. ஏட்டின் ஒவ்வொரு பாட்டையும் ஜீன் என்கிறார்கள். தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இது பிரதி செய்து கொடுக்கப்படுகிறது. நம் முன்னோர் ஓலைச்சுவடிகளைப் பார்த்துப் பார்த்து எழுதி வைத்தார்களே, அதைப் போன்ற காரியம். எழுதும்போது ஓர் எழுத்து தவறும். ஒரு வரி இரு முறை வந்துவிடும். ஓர் ஓலை காணாமற் போகும். பெரும்பாலான பிழைகள் ஒன்றும் செய்யா. சில பிழைகள் பிள்ளையைக் கொன்றுவிடும். எப்போதோ ஒரு பிழை, இருக்கிற இடத்துக்கும் கிடைக்கிற தீனிக்கும் பொருத்தமாய் அமைந்துவிடும். அந்தப் பிழையையுடைய பிராணி மற்றவைகளைவிட இரண்டு குட்டி அதிகமாய்ப் பிழைக்க வைக்கும். பத்தாயிரம் தலைமுறைக்குப் பிறகு பார்த்தால், அந்தப் பிழையே மூலபாடமாகியிருக்கும். டார்வின் 1859-ம் வருஷத்தில் எழுதிய கருத்து இதுதான். ஏடு என்னவென்று அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும் என்பதே வித்தியாசம்.

சரி. ஒரே பாட்டனுக்குப் பிறந்த இரண்டு பிராணிகள் ஒன்று போலிருந்தால் அதில் அதிசயமில்லை. ஆனால் வெவ்வேறு வம்சத்தில் பிறந்து, கோடிக்கணக்கான வருஷங்கள் வெவ்வேறு வழியில் போன இரண்டு பிராணிகள், ஒரே மாதிரித் தீனியைத் தின்ன ஆரம்பித்ததனால், ஒரே மாதிரி உறுப்பையும் ஒரே மாதிரி ஜீனையும் அடைந்திருந்தால்? அதற்குத்தான் குவிபரிணாமம் என்று பெயர். காரைக்குடியிலிருந்து ஒரு வண்டியும் திருப்பத்தூரிலிருந்து ஒரு வண்டியும் புறப்பட்டு ஒரே சந்தையில் வந்து நிற்பதைப் போல.

இதற்கு நம் நாட்டிலிருந்தே ஒரு சாட்சி இருக்கிறது. அதுவும் சாதாரணச் சாட்சியல்ல. ஒரு பக்கம் பசுமாடு. மறுபக்கம் அனுமார் குரங்கு. வைதீகர்கள் இருவரையும் கும்பிடுகிறவர்கள் ஆனபடியால், இந்தச் சாட்சிகளை அவர்கள் ஆட்சேபிக்க மாட்டார்களென்று நம்புகிறோம். (நகைப்பு)

மாட்டின் வயிற்றை முதலில் பார்ப்போம். மாடு புல்லைத் தின்னுகிறது, வைக்கோலைத் தின்னுகிறது. ஆனால் புல்லையும் வைக்கோலையும் செரிக்கக்கூடிய நொதி மாட்டின் உடம்பில் கிடையாது! புல்லின் நாரை உடைக்கும் சக்தி மாட்டுக்குமில்லை, நமக்குமில்லை. பின் மாடு எப்படிப் பிழைக்கிறது? அதன் வயிறு நாலு அறைகளாயிருக்கிறது. முதல் அறை ஒரு பெரிய ஊறல் தொட்டி. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடி கோடியாய்க் குடியிருக்கின்றன. ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தாலும் அதிலேயே கோடிக்கணக்கில் உண்டு. நாரை உடைப்பவை இந்தக் கிருமிகளே. மாடு அசை போடுவதெல்லாம் அவைகளுக்குத் தீனியை அரைத்துக் கொடுக்கிற காரியந்தான்.

கதை இதோடு முடியவில்லை. புல்லைத் தின்று கொழுத்துப் பெருகிய அந்தக் கிருமிகள், ஊறலோடு ஊறலாய் வழிந்து நாலாவது அறைக்கு வருகின்றன. அதுவே மாட்டின் உண்மையான இரைப்பை. அங்கே மாடு என்ன செய்கிறது தெரியுமா? அவைகளைக் கொன்று செரித்து விடுகிறது. மாட்டுக்குக் கிடைக்கும் புரதச் சத்தில் பெரும்பகுதி இந்தக் கிருமிகளின் உடம்பிலிருந்து வருவதே. எறும்பை மிதித்தால் பாவமென்று மயிற்பீலியால் கூட்டிக்கொண்டு நடக்கிறவர்கள் உண்டு. அவர்கள் மாட்டைச் சைவத்துக்கு இலக்கணமாகக் காட்டுவார்களானால், அந்த இலக்கணம் ஒவ்வொரு நாளும் எண்ண முடியாத உயிர்களை விழுங்கிக் கொண்டு கொட்டிலில் நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கிருமியைக் கொல்லுவதற்கு ஆயுதம் வேண்டும். அந்த ஆயுதத்துக்கு லைசோசைம் என்று பெயர். பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் என்பவரே இதையும் 1922-ம் வருஷத்தில் கண்டு சொன்னார். நம் கண்ணீரிலும், எச்சிலிலும், மூக்குச் சளியிலும், கோழி முட்டையின் வெள்ளைக் கருவிலும் இது இருக்கிறது. கிருமியின் மேலோட்டை உடைப்பது இதன் வேலை. நமக்கு இது வாசற்காவல்காரன். மாடு என்ன செய்தது என்றால், இந்தக் காவல்காரனைக் கூப்பிட்டு இரைப்பைக்குள் சமையற்காரனாக வைத்துவிட்டது. ஆனால் இரைப்பையில் புளிப்பு அதிகம். அங்கே புரதங்களையெல்லாம் அறுத்துப் போடுகிற பெப்சின் என்ற நொதியுமிருக்கிறது. கண்ணீரில் வேலை செய்கிற லைசோசைம் அங்கே போனால் தானே அறுபட்டுப் போகும். மாட்டின் இரைப்பை லைசோசைமோ புளிப்பில்தான் நன்றாக வேலை செய்கிறது; பெப்சினுக்கும் எளிதில் மசிவதில்லை. லட்சக்கணக்கான தலைமுறைகளில் அதன் எழுத்துக்கள் அப்படி மாறியிருக்கின்றன.

இனிக் குரங்கு. மலைக்கோயில்களில் நம் கையிலிருக்கும் வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு கன்னத்தில் அதக்கிக் கொள்ளுகிறதே, அந்த நாட்டுக் குரங்கு அல்ல. கறுத்த முகமும், சாம்பல் நிற உடம்பும், நீண்ட வாலுமுள்ள மந்தி. வடநாட்டார் இதைத்தான் அனுமான் லங்கூர் என்பார்கள். இது மரத்து இலையைத் தின்று பிழைக்கிற குரங்கு. இலையிலும் நார், அதைச் செரிக்க இதற்கும் நொதி கிடையாது. ஆகவே இதன் வயிறும் அறை அறையாகப் பிரிந்திருக்கிறது. முன்னறையில் கிருமிகள் ஊறல் போடுகின்றன. பின்னறையில் கிருமிகளே ஆகாரமாகின்றன. மாடு செய்த ஏற்பாடே இங்கும். ஆனால் மந்திக்கு மாடு உறவல்ல. மந்திக்கு உறவு நாம். மாட்டின் வம்சமும் குரங்கின் வம்சமும் பிரிந்து ஒன்பது கோடி வருஷங்களுக்கு மேலாகிறது.

அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த பெர்க்லியில், ஆலன் வில்சன் என்ற பேராசிரியரும், கேரோ-பெத் ஸ்டூவர்ட் என்ற அம்மையாரும், ஷில்லிங் என்பவரும் சேர்ந்து, இந்த அனுமான் குரங்கின் இரைப்பை லைசோசைமை எடுத்து அதன் கண்ணிகளை ஒவ்வொன்றாய்ப் படித்துப் பார்த்தார்கள். நூற்று முப்பது கண்ணிகள் கோத்த சங்கிலி அது. அதை மற்றக் குரங்குகளுடையதோடும், மனிதனுடையதோடும், மாட்டினுடையதோடும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தார்கள். முடிவு 1987-ம் வருஷத்தில் 'நேச்சர்' பத்திரிகையில் வெளியாயிற்று. குரங்கின் லைசோசைம் தன் சொந்தக்காரர்களான மற்றக் குரங்குகளிடமிருந்து சில முக்கியமான இடங்களில் விலகி, அதே இடங்களில் மாட்டினுடையதைப் போல் மாறியிருந்தது. மாட்டிடமிருந்து குரங்கு அதைக் கடன் வாங்கவில்லை. கடன் வாங்க வழியுமில்லை. தின்ற தீனியும் வயிற்றின் அமைப்பும் ஒன்றானபோது, இரண்டு ஏட்டிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரித் திருத்தம் நிலைத்துவிட்டது.

சில வருஷங்கள் கழித்து, 1994-ல், தென்னமெரிக்காவில் இலை தின்று வாழும் ஹோவாட்சின் என்ற பறவையைப் பார்த்தார்கள். பறவையாகப் பிறந்தும் அதன் தொண்டைப் பையில் மாட்டு வயிற்றைப் போலவே ஊறல் நடக்கிறது. அதன் லைசோசைமும் அவ்விதமே மாறியிருந்தது. பறவையும் பாலூட்டியும் பிரிந்து முப்பது கோடி வருஷங்களுக்கு மேலாகிறது! பிறகு 2006-ல், மிச்சிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜியான்ஜி ஜாங் என்பவர் வேறொரு நொதியை ஆராய்ந்து, ஆசியாவிலுள்ள இலை தின்னும் குரங்கும் ஆப்பிரிக்காவிலுள்ள இலை தின்னும் குரங்கும் தனித்தனியே அந்த ஜீனை இரட்டித்துக் கொண்டு, இரட்டித்ததைத் தனித்தனியே ஒரே வழியில் திருத்திக் கொண்டன என்று காட்டினார்.

நிற்க. இதைக் கேட்டுக் கொண்டிருக்கும் வைதீகத் தோழர் ஒருவர் எழுந்து, "ஐயா, நீங்கள் நம் கட்சிக்கே பேசுகிறீர்கள். ஆகாரம் உடம்பை மாற்றுகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் தலைமுறை தலைமுறையாய்ச் சாத்வீக ஆகாரம் உண்டவர்களுக்குச் சாத்வீக உடம்பும் புத்தியும் அமைந்தன என்பதும் சயன்ஸ்தானே?" என்று கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். இதை மழுப்பிவிட்டுப் போக நமக்கு இஷ்டமில்லை.

முதலாவது, மாறியது வயிற்றின் நொதி; புத்தியல்ல. இலை தின்றதனால் மந்திக்குக் கிருமியைச் செரிக்கிற நொதி வந்ததேயன்றி ஞானம் வரவில்லை. இரண்டாவது, ஒருவன் தன் ஆயுளில் தின்னுகிற ஆகாரம் அவன் பிள்ளையின் ஏட்டைத் திருத்திக் கொடுப்பதில்லை. பொருந்தாதவை சாகவும் பொருந்தியவை பெருகவும், எத்தனையோ தலைமுறைகள் நடக்கவேண்டும். மூன்றாவது தான் முக்கியம். நம் நாட்டு ஜனங்கள் அவ்வளவு காலம் தனித்தனி வம்சங்களாய் ஒதுங்கியிருந்தார்களா? ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் ஆராய்ச்சி நிலையத்தாரும் அமெரிக்க ஆராய்ச்சிக்காரர்களும் சேர்ந்து 2013-ம் வருஷத்தில் வெளியிட்ட கணக்குப்படி, இன்றைக்குச் சுமார் 4,200 வருஷங்களுக்கு முன் முதல் 1,900 வருஷங்களுக்கு முன் வரை இந்தியாவில் வடக்கத்தி வம்சமும் தெற்கத்தி வம்சமும் தாராளமாய்க் கலந்திருக்கின்றன. மேல் என்கிறவர், கீழ் என்கிறவர், மலையிலிருப்பவர் எல்லோருடைய ஏட்டிலும் அந்தக் கலப்பு எழுதியிருக்கிறது. தங்களுக்குள்ளேயே கொண்டு கொடுப்பது என்ற கட்டுப்பாடு இறுகியது அதற்குப் பிறகுதான். ஒன்பது கோடி வருஷம் பிரிந்திருந்த மாட்டையும் குரங்கையும் தீனி ஒன்று சேர்த்ததென்றால், நேற்றுக் கதவைச் சாத்திக் கொண்டவர்கள் வேறு வேறு படைப்பென்று சொல்லுவது எந்தக் கணக்கில் சேரும்?

இனி இந்த ஊர்ப் பெயருக்கு வருவோம். நெற்குப்பை யென்றால் நெல்லின் குவியல். இன்றைக்குக் குப்பை யென்றால் கூட்டித் தள்ளுகிறது என்று ஆகிவிட்டாலும், பழந்தமிழில் அதற்குக் குவியலென்றே பொருள். நெல் குவிந்த இடத்துக்கு யார் யார் வருவார்கள்? மனிதன் வருவான். எலி வரும், சுண்டெலி வரும். வீட்டு வாசலில் நாய் வந்து நிற்கும். கொல்லையில் பன்றி வந்து நிற்கும். இவர்களுக்குள் என்ன ஒற்றுமை? எல்லோருக்கும் மாவுச் சத்தைச் செரிக்க அமைலேஸ் என்ற நொதி வேண்டும். சோற்றை வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் மென்றால் இனிக்கிறதே, அது இந்த நொதியின் வேலை. 2019-ம் வருஷத்தில், அமெரிக்காவில் பபலோ சர்வகலாசாலையைச் சேர்ந்த ஓமர் கொக்குமென், ஸ்டீபன் ரூல் முதலியோர் பல பாலூட்டிகளின் ஏட்டைப் புரட்டிப் பார்த்துச் சொன்னது என்னவென்றால், மனிதன், எலி, சுண்டெலி, நாய், பன்றி ஆகிய இந்தக் கூட்டத்தார் ஒவ்வொருவரும் தனித்தனியே அமைலேஸ் ஜீனைப் பல பிரதிகளாகப் பெருக்கிக் கொண்டிருக்கிறார்கள் என்பதே. ஸ்வீடன் நாட்டார் 2013-ல் கணக்கெடுத்தபோது, ஓநாய்க்கு இரண்டே பிரதியாயிருக்க, நாய்க்கு நாலு முதல் முப்பது வரையிலிருந்தன. காட்டில் வேட்டையாடியது மனிதன் வாசலுக்கு வந்து எச்சிற் சோற்றுக்குக் காத்திருந்ததன் கணக்கு அதன் ஏட்டிலேயே ஏறிவிட்டது.

மனிதருக்குள்ளும் சிலருக்கு இரண்டு பிரதி, சிலருக்குப் பத்துக்கு மேல். 2007-ல் வெளியான ஆராய்ச்சியில், அரிசி உண்ணும் ஜப்பானியருக்கும், ஆப்பிரிக்காவில் கிழங்கு தோண்டி உண்ணும் ஹாட்ஸா மக்களுக்கும் சராசரி அதிகமாயிருந்தது. மீனும் மாமிசமுமாய் உண்ணும் சைபீரிய யாகூத் மக்களுக்குக் குறைவாயிருந்தது. நாகரிகமுள்ளவரென்று பெயரெடுத்த ஜப்பானியரும் காட்டுவாசியென்று பெயரெடுத்த ஹாட்ஸாவும் ஒரே வரிசையில் வந்து நிற்பதைக் கவனிக்க வேண்டும். இதைக் கேட்டு உழவினாலேயே இது வந்தது என்று பெருமைப்படவும் இடமில்லை. 2024-ல் செய்த ஆராய்ச்சிகளின்படி முதல் இரட்டிப்பு, ஏர் என்பதே தோன்றுவதற்கு லட்சக்கணக்கான வருஷங்களுக்கு முந்தியது.

அடுத்தது பால். இதில் தாய்மார்கள் கொஞ்சம் கவனம் செலுத்த வேண்டும். பாலிலுள்ள சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதைச் செரிக்கும் லாக்டேஸ் என்ற நொதி எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. தாய்ப்பால் மறந்த பிறகு அது படிப்படியாய்க் குறைந்துவிடுவதே பாலூட்டிகளின் பொது விதி. பூனைக்கும் அப்படியே, மாட்டுக்கும் அப்படியே, உலகத்தில் பெரும்பாலான மனிதருக்கும் அப்படியே. மாடு மேய்த்துப் பாலுண்டு பிழைத்த சில கூட்டத்தாருக்கு மட்டும் அந்த நொதி ஆயுள் முழுவதும் நின்றுவிடாமல் சுரக்கிறது. காரணம் ஏட்டில் ஒரே ஓர் எழுத்து மாற்றம். அதை 2002-ல் பின்லாந்து தேசத்தார் கண்டு பிடித்தார்கள். 2007-ல் சாரா டிஷ்கோப் என்ற அம்மையாரும் மற்றவர்களும் கீழை ஆப்பிரிக்காவிலுள்ள மாடு மேய்ப்பவர்களைச் சோதித்தார்கள். அவர்களும் பெரியவர்களான பிறகும் பால் குடிக்கிறார்கள், வயிறு கெடுவதில்லை. ஆனால் ஐரோப்பியரின் எழுத்து அவர்களிடமில்லை! அந்த இடத்துக்குச் சரியாக நூறு எழுத்துத் தள்ளி வேறொரு மாற்றம் இருந்தது. வெள்ளையனும் கறுப்பனும் ஒருவரையொருவர் பாராமலே ஒரே வித்தையைக் கற்றுக் கொண்டிருக்கிறார்கள்.

நம் நாட்டுச் சேதி என்ன? 2012-ம் வருஷத்தில் வெளியான ஆராய்ச்சியில், இந்தியா முழுவதிலுமாக இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களைச் சோதித்திருக்கிறார்கள். வடமேற்கிலிருந்து தென்கிழக்கே வர வர அந்த எழுத்து குறைந்து கொண்டே வருகிறது. ஆனால் தெற்கே ஓரிடத்தில் மட்டும் அது மிகுதியாயிருக்கிறது. யாரிடத்தில்? நீலகிரியில் எருமை மேய்க்கும் தோடர்களிடத்தில். அவர்களிடமிருக்கும் எழுத்தும் ஐரோப்பியரிடமிருக்கும் எழுத்தும் ஒன்றே. இது தனித்தனியே தோன்றியதல்ல, ஒரே மூலப் பிரதியிலிருந்து வந்ததென்றும் அதே ஆராய்ச்சி சொல்லுகிறது. ஒரு மலைச் சாதியாரும் லண்டன் துரையும் பால் விஷயத்தில் பங்காளிகள்!

இதிலிருந்து நடைமுறைக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கத்து ஜனங்களில் பெரும்பாலோருக்கு வயது வந்த பிறகு பச்சைப் பால் அதிகமாய்க் குடித்தால் வயிறு உப்பும், இரையும், பேதியாகும். இது நோயல்ல, குற்றமுமல்ல. "பால் அமிர்தம், அது ஒத்துக் கொள்ளாதவன் உடம்பில் ஏதோ கெட்டது இருக்கிறது" என்று சொல்லிப் பிள்ளையை அதட்டிக் குடிக்க வைப்பதும், அதற்காக மந்திரித்துக் கயிறு கட்டுவதும் அறிவீனம். அதே பாலைத் தயிராகவோ மோராகவோ செய்தால் கிருமிகளே அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கைத் தின்றுவிடுவதால் பெரும்பாலோருக்குத் தொல்லையிருப்பதில்லை. நம் பாட்டிமார் மோரை விரும்பியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

சேர்ப்பதைப் போலவே இழப்பதிலும் பிராணிகள் ஒன்று கூடுகின்றன. யாரும் படிக்காத ஏட்டில் பிழை விழுந்தால் திருத்துவாரில்லை அல்லவா? பூனைக்கு இனிப்பே தெரியாது என்று 2005-ல் கண்டார்கள். இனிப்பை அறியும் ஜீன் அதற்கு உடைந்து கிடக்கிறது. சர்க்கரைப் பொங்கலை நக்குகிற பூனை நெய்க்காகத்தான் நக்குகிறது. 2012-ல் மாமிசம் தின்னும் வகையைச் சேர்ந்த பன்னிரண்டு பிராணிகளைப் பார்த்ததில், கடற்சிங்கம், நீர்நாயில் ஒரு வகை, புள்ளிக் கழுதைப்புலி முதலிய ஏழுக்கு அதே ஜீன் உடைந்திருந்தது. உடைந்த இடம் பெரும்பாலும் வேறு வேறு. ஆகவே பலவும் தனித்தனியே இழந்திருக்கின்றன.

மனிதனும் இழந்தவன்தான். ஆடு, மாடு, எலி எல்லாம் வைட்டமின் சி என்ற சத்தைத் தங்கள் உடம்பிலேயே தயாரித்துக் கொள்ளுகின்றன. நமக்கு அந்தச் சக்தியில்லை. கல்கத்தா சர்வகலாசாலையில் பீரேஷ் சந்திர குஹா என்பவரும் அவருடைய சீடர்களும் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். 1958-ல் அவர்கள் எழுதியதில், பழந்தின்னும் பெரிய வௌவாலுக்கும் இந்தச் சக்தியில்லை யென்று கண்டிருக்கிறது. குரங்கும் மனிதனும் ஒரு பக்கம், கினிப்பன்றி ஒரு பக்கம், வௌவால் ஒரு பக்கம்; மூன்றும் தனித்தனியே இழந்தவை. பழத்திலும் தழையிலும் அச்சத்து நிறையக் கிடைத்ததால் வீட்டு அடுப்பு அவிந்தது தெரியவில்லை. 'சிருஷ்டியின் சிகரம்' என்று தன்னைச் சொல்லிக் கொள்ளுகிற மனிதன், ஓர் ஆட்டுக்குட்டி தானே செய்து கொள்ளும் காரியத்துக்கு நெல்லிக்காயைத் தேடிப் போகிறான்.

அழுங்கு என்று ஒரு பிராணி நம் காடுகளில் உண்டு. எறும்புதின்னி என்றும் சொல்லுவார்கள். பல் கிடையாது, நீண்ட நாக்கு, எறும்பும் கறையானுமே தீனி. இதைப் போலவே பல்லில்லாமல் நீண்ட நாக்கோடு தென்னமெரிக்காவில் ஒரு பிராணி இருக்கிறது. பார்த்தால் பங்காளியென்றே தோன்றும். ஆனால் அழுங்குக்கு நெருங்கிய உறவு நாயும் பூனையும். அதற்கோ வேறு குடும்பம். தீனி ஒன்றானதால் உருவம் ஒன்றாயிற்று. இந்த அழுங்கின் செதிலை மருந்தென்றும் தாயத்தென்றும் விற்கிறார்கள். செதில் என்பது நம் நகமும் மயிரும் எந்தப் பொருளோ அதே கெரட்டின்தான். அதில் மருந்திருக்குமானால் நாவிதர் கடையில் தினமும் வைத்தியசாலை நடத்தலாம். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அழுங்கைப் பிடிப்பது குற்றமென்பதையும் சொல்லி வைக்கிறோம்.

கடைசியாக, நம் பக்கத்துக் கடலைப் பற்றி ஒரு சேதி. பிட்ஸ்பர்க் சர்வகலாசாலையில் வின் மேயர் என்ற அம்மையார், நேதன் கிளார்க் முதலியவர்களோடு சேர்ந்து, பல பாலூட்டிகளின் ஏடுகளை வரிசையாக வைத்துக் கணித யந்திரத்தின் உதவியால் ஒத்துப் பார்த்தார். தரையிலிருந்து கடலுக்குப் போன பாலூட்டிகளிடம் எந்த ஜீன் ஒன்று போல் உடைந்திருக்கிறது என்பது கேள்வி. விடை 2018-ல் 'சயன்ஸ்' பத்திரிகையில் வந்தது. திமிங்கிலமும் ஓங்கிலும் ஒரு பக்கம், மனாட்டி என்ற கடற்பசு ஒரு பக்கம், சில சீல்கள் ஒரு பக்கம். இவை தனித்தனியே பி.ஓ.என்.1 என்ற ஒரு ஜீனை இழந்திருக்கின்றன. கடலில் மூழ்கி வாழ்வதும், கொழுப்பைச் செரிக்கும் விதம் மாறியதும் காரணமாயிருக்கலாமென்று அவர்கள் கருதுகிறார்கள். இழந்தபோது அதனால் நஷ்டமில்லை. ஆனால் அந்த ஜீன் தரையிலுள்ள பிராணிகளுக்கு இன்னொரு வேலையும் செய்கிறது. வயலில் நாம் தெளிக்கிறோமே குளோர்பைரிபாஸ் முதலிய பூச்சி மருந்துகள், அவை உடம்பில் உண்டாக்கும் விஷத்தை உடைப்பது அதன் நொதியே. மனாட்டியின் இரத்தத்தை எடுத்துச் சோதித்துப் பார்த்ததில் அந்த விஷத்தை உடைக்கும் சக்தி அதற்கில்லை.

மனாட்டியின் நெருங்கிய பங்காளி நம் பாக் நீரிணையிலிருக்கிறது. மீனவர்கள் அதை ஆவுளியா என்பார்கள். கடற்பசு என்றும் சொல்லுவதுண்டு. பெயர் பசுவானாலும் அது பசுவுக்கு உறவல்ல, யானைக்கு உறவு. கரையோரத்திலுள்ள கடற்புல்லே அதன் மேய்ச்சல். தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை அடுத்த கடலில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கென்று 2022-ம் வருஷத்தில் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். வயலில் தெளித்த மருந்து மழைத் தண்ணீரோடு வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து கடலுக்கும் போகிறது. வேலி போட்டது கடலுக்குத்தானே தவிர, வாய்க்காலுக்கல்ல. நஞ்சு கலக்காத கடலாயிருந்த காலத்தில் அந்த ஜீனை இழந்த பிராணிக்கு இப்போது அதைத் திரும்பத் தேடிக்கொள்ள அவகாசமில்லை. ஆகவே ஒதுக்கி வைத்த இடத்துத் தண்ணீரில் எந்தப் பூச்சி மருந்து எவ்வளவு இருக்கிறதென்று வருஷந்தோறும் சோதித்து, அந்தக் கணக்கை மீனவர்களுக்கும் விவசாயிகளுக்கும் தமிழில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டுமென்று கேட்க நமக்கு உரிமையுண்டு. இந்தக் கூட்டத்தின் சார்பாக அப்படி ஒரு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறோம். அது மேஜைமேல் இருக்கிறது. இஷ்டப்பட்ட தோழர்கள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடலாம். கேள்வி கேட்கிறவர்களுக்கும் இன்னும் அரைமணி நேரமிருக்கிறது.